கைப்பேசிக் கடையும் சட்டத்தின் தராசும்

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் ஸ்டோர் நினைவிருக்கும். காலை வெட்டு முடிந்ததும் காண்டா வாளிகளைச் சுமந்துகொண்டு ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பார்கள். கிராணி மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். வாளியில் தண்ணீர் கலந்திருந்தால் கருவி காட்டிக் கொடுத்துவிடும். தராசைக் கிராணி சரியாகத்தான் படிக்கிறாரா என்று வரிசையில் நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஏமாற்ற நினைப்பவரும் ஏமாறக்கூடியவரும் ஒருவர் கண்முன் ஒருவர் நின்ற காலம் அது. தோட்டத்து மளிகைக் கடையிலும் அப்படித்தான். கடன் கணக்கை எழுதும் 555 புத்தகம் ஒன்று கடைக்காரர் கையிலும் மற்றொன்று நம் வீட்டு அலமாரியிலும் இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அந்தத் தோட்டங்கள் பலவற்றில் இன்று ரப்பர் இல்லை. செம்பனை வந்துவிட்டது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களே எழுந்துவிட்டன. லயங்களை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் புந்தோங்கிலும் சிம்மோரிலும் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் குடியேறின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று முகநூலிலும் டிக்டாக்கிலும் புலனக் குழுக்களிலும் கடை வைத்திருக்கிறார்கள். முறுக்கு, கச்சான் பூத்தே, சேலை, செக்கு எண்ணெய், மூலிகைப் பொடி என்று எல்லாம் அங்கே விற்பனையாகின்றன. கடைக்கு வாடகை இல்லை, கதவும் இல்லை. வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. விற்பவரும் வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தக் கடையில் பொய்யும் வஞ்சனையும் புகுந்தால் வணிகர் சட்டத்தின் பிடியில் எவ்வாறு சிக்குகிறார் என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். இணையத்தில் நடப்பதற்குத் தனிச் சட்டம் வந்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. நம் தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்றால் என்னவென்று விளக்குகிறது. அதன் வேர் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. மெக்காலே பிரபு தலைமையில் அது வரையப்பட்ட நாளில் தந்தியே புதுமை. ஆயினும் அந்தப் பிரிவின் கீழ்த் தரப்பட்டுள்ள உதாரணங்களுள் ஒன்று, பொய்யான மாதிரியைக் காட்டிச் சரக்கை விற்பவனைப் பற்றியது. இன்று கைப்பேசியில் போடுகிற படம் அந்த மாதிரியேயன்றி வேறென்ன? வேறொருவர் நெய்த பட்டுச் சேலையின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, தெரிந்தே நைலான் சேலையை அனுப்புகிறவர் 420ஆம் பிரிவின் கீழ் வருகிறார். அதற்குத் தண்டனை குறைந்தது ஓராண்டு, மிகுந்தது பத்தாண்டுச் சிறை. பிரம்படியும் அபராதமும் உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நேர்மையாக வணிகம் செய்பவர்களே அதிகம் அஞ்சுகிற இடம் இது என்பதால் சற்று நின்று பார்ப்போம். புந்தோங்கில் ஓர் அம்மாள் தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகநூலில் அறிவிப்புச் செய்து இருநூறு பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். அறுபது பேருக்குப் பலகாரம் போய்ச் சேரவில்லை. கோபம் கொண்ட ஒருவர் அந்த அம்மாளின் படத்தைப் போட்டு ‘ஏமாற்றுக்காரி’ என்று எழுதிவிட்டார். சட்டப்படி அவர் ஏமாற்றுக்காரியா?

இல்லை. பணம் வாங்கிய நேரத்தில் மனத்தில் என்ன இருந்தது என்பதே கேள்வி. கொடுக்கும் எண்ணத்தோடு வாங்கிப் பின்னர் கொடுக்க முடியாமற் போனால் அது ஒப்பந்த முறிவு. பணத்தைத் திருப்பித் தரும் கடமை உண்டு, சிவில் வழக்கு உண்டு, ஆனால் அது குற்றமாகாது. வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் அது குற்றம். 415ஆம் பிரிவே இவ்வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் விளக்கியிருக்கிறது. சரி, மனத்தில் இருந்ததை நீதிமன்றம் எப்படி அறியும்? நடத்தையால்தான். அடுப்பே வாங்காமல் இருநூறு பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் ஒரு கதை. மாவும் எண்ணெயும் வாங்கிய ரசீதுகள் இருந்து, நோயுற்ற மறுநாளே எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தால் வேறு கதை. செய்திகளை அழித்துவிட்டு, வாடிக்கையாளரின் எண்ணைத் தடை செய்துவிட்டு ஒளிந்துகொள்பவர் தமக்கு எதிரான சாட்சியத்தைத் தாமே உண்டாக்குகிறார். அந்த அம்மாளைத் தூற்றியவரும் சட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் அவருக்கும் உண்டு.

குற்றவியல் சட்டத்துக்கு எண்ணம் வேண்டும். பயனீட்டாளர் சட்டம் அவ்வளவு தாராளமானதன்று. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பயனீட்டாளரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்லக்கூடிய சொல்லும் செயலும் தடைசெய்யப்பட்டவை என்கிறது. ‘இட்டுச் செல்லக்கூடிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரும் ஏமாந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சரக்கின் தரம், விலை, பிறப்பிடம், பிறர் தந்த பரிந்துரை ஆகிய எதைப் பற்றிப் பொய் சொன்னாலும் தனிமனிதருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனமானால் அபராதம் 250,000 ரிங்கிட் வரை. மறுமுறை செய்தால் இவை இருமடங்காகும். தவறு நேராதிருக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்தோம் என்று காட்டினால் தற்காப்பு உண்டு. ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் வணிகரே. 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டமும் இதே திசையில் செல்கிறது.

இச்சட்டம் முதலில் மின்வணிகத்தைத் தொடவில்லை. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அதுவும் உள்ளே வந்தது. தொடர்ந்து வகுக்கப்பட்ட மின்வணிக விதிகள் 2013 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு முகவரி, சரக்கின் விவரம், போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் சாரம். நம்மவர் பக்கங்களில் அடிக்கடி காணும் ஒரு வாசகம் ‘விலைக்குத் தனிச் செய்தி அனுப்பவும்’ என்பது. ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழைய சந்தைப் பழக்கம் அப்படியே கைப்பேசிக்குக் குடியேறிவிட்டது போலும்! அது விதிமீறல். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. வணிகத்தைத் தொடங்கி 30 நாளுக்குள் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதும் இணையக் கடைக்குப் பொருந்தும்.

‘உலகிலேயே சுவையான முறுக்கு’ என்று எழுதினால் அதுவும் பொய்யா என்று கேட்கலாம். அது விளம்பரப் புகழ்ச்சி. அறிவுள்ள எவரும் அதை அளந்து பார்க்க மாட்டார். ‘தூய பசு நெய்யில் செய்தது’ என்பது அப்படியன்று. அது அளக்கக்கூடிய கூற்று. இவ்வேறுபாட்டைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. கார்பாலிக் புகை உருண்டை என்ற சாதனத்தை விற்ற ஒரு நிறுவனம், அதை முறைப்படி பயன்படுத்திய பின்னும் இன்புளுவென்சா கண்டவர்க்கு 100 பவுன் தருவதாகவும், அதற்கு அடையாளமாக வங்கியில் 1,000 பவுன் போட்டிருப்பதாகவும் 1891இல் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. கார்லில் என்ற அம்மையார் பயன்படுத்தினார், காய்ச்சலும் கண்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு என்று நிறுவனம் வாதிட்டது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்னவர் விளையாட்டாகச் சொன்னதாகக் கொள்ள முடியாது என்று கூறிப் பணத்தைக் கொடுக்கச் செய்தது. ‘பலன் இல்லையேல் பணம் வாபஸ்’ என்று இன்று டிக்டாக்கில் உரக்கச் சொல்கிறவர்கள் இந்த அம்மையாரை நினைத்துக்கொள்வது நல்லது.

வாபஸ் பேச்சு மிகுதியாகக் கேட்பது மருந்து விற்பனையில்தான். தோட்டத்தில் மருத்துவமனை உதவியாளரை ‘டிரஸ்ஸர்’ என்று அழைத்த காலத்திலிருந்தே நமக்குக் கைவைத்தியத்தின் மேல் ஒரு பிடிப்பு உண்டு. பாட்டி அரைத்த பொடியைப் பேத்தி பொட்டலம் கட்டி விற்பதில் தவறில்லை. ‘இனிப்பு நீர் ஒரு மாதத்தில் மறையும்’ என்று பக்கத்திலே எழுதும்போதுதான் வழுக்கல் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பிற மருந்து விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அபராதத் தொகை மற்றச் சட்டங்களோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் அந்தப் பொடியை நம்பி ஒருவர் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டால் அதன் விலை ரிங்கிட்டில் அடங்குமா? ‘என் மாமியாருக்குக் குணமானது’ என்று வாடிக்கையாளர் பெயரில் விற்பவரே எழுதிக்கொள்ளும் சான்றுரையும் இதில் அடங்கும். அது பயனீட்டாளர் சட்டப்படியும் பொய்க் கூற்று.

அடுத்து கூட்டு. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஐம்பது வெள்ளி போட்டு, முறைவைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டு பிடிக்காத லயம் ஏது? எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பெண்களின் தாலியும் கூட்டுப் பணத்தில் வந்தவை. ஆனால் கூட்டுப் பிடிப்பதையே கமிஷனுக்கு ஒரு தொழிலாக நடத்துவதைத் தடுக்க இந்நாட்டில் 1971ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே நம் ‘கூட்டு’ ஒலிக்கிறது. தமிழ்ச் சொல்லுக்குக் கிடைத்த அந்தப் பெருமையை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை. தண்டனை 500,000 ரிங்கிட் வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ ஆகும். ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பேரின் கூட்டு வேறு. முகநூலில் ‘கூட்டு எண் 7 காலியாக இருக்கிறது’ என்று ஊர் பேர் தெரியாதவர்களைச் சேர்த்து ஆளுக்கு இத்தனை என்று கட்டணம் எடுப்பது வேறு. சேலை விற்பவரும் நகை விற்பவரும் வாடிக்கையாளரை இழுக்க இத்தகைய கூட்டுகளை நடத்துவதை நாம் காண்கிறோம். அவர்களில் பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரியாமை தற்காப்பாகாது.

பேராக்கில் இதற்கு ஒரு பெரிய முன்கதை உண்டு. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் தைப்பிங் வட்டாரத்தில் பாக் மான் தெலோ என்று மக்கள் அழைத்த ஒருவர், எந்த வங்கியும் தராத மாத ஆதாயம் தருவதாகச் சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் வைப்புத்தொகை பெற்றார். உரிமமின்றி வைப்புத்தொகை வாங்கியதற்காக அவர் மீது வழக்கு நடந்தது. அவருக்கு முகநூல் இல்லை, புலனம் இல்லை, வாய்மொழியே போதுமாயிருந்தது. முதலில் போட்டவருக்குப் பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்துக் கொடுப்பதே இத்தகைய திட்டங்களின் இயந்திரம். புதிதாகச் சேருவோர் நிற்கும் நாளில் இயந்திரமும் நிற்கும். இன்று 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் 137ஆம் பிரிவு, உரிமமின்றி வைப்புத்தொகை பெறுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து கோடி ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க இடந்தருகிறது. ‘என் உணவுக்கடையில் ஆயிரம் போடு, மாதம் நூறு தருகிறேன், முதல் பத்திரமாக இருக்கும்’ என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பும் சிறு வணிகர் தாம் முதலீடு கேட்பதாகவே நினைக்கிறார். முதலைத் திருப்பித் தருவதாக வாக்களித்துப் பொதுமக்களிடம் பணம் வாங்கினால் சட்டம் அதை வைப்புத்தொகையாகப் பார்க்கக்கூடும். ஆளைச் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிட் திட்டங்களோ 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இனி, பக்கத்துக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். ‘பதிவு போட்டது என் அண்ணன் மகன், எனக்குக் கைப்பேசியே சரியாகத் தெரியாது’ என்பது நாம் பலமுறை கேட்டிருக்கும் விடை. சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பதிவில் யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளராகவோ நிருவாகியாகவோ காணப்படுகிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவருடையது. அது வந்த நாளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நம் பார்வையிலும் சிறு கடைக்காரருக்கு இது மிகையான சுமைதான். ஆனால் சட்டம் அப்படியே நிற்கிறது.

இதன் வலிமையை 2021 பிப்ரவரி 19இல் நாடு கண்டது. மலேசியாகினி செய்தித்தளத்தில் வாசகர் ஐவர் எழுதிய கருத்துகள் நீதிமன்ற அவமதிப்பாகும் என்றும், அவற்றை வெளியிட்ட பொறுப்பு தளத்துக்கே என்றும் கூட்டரசு நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்து 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. எழுதியவர்கள் வேறு, செலுத்தியவர்கள் வேறு. அது நீதித்துறை பற்றிய வழக்கு, வணிக வழக்கன்று. ஆயினும் நம் கடைப் பக்கத்தின் அடியில் யாரோ ஒருவர் அடுத்த கடைக்காரரைத் திருடன் என்று எழுதிவைத்து, நாமும் அதை நீக்காமல் சிரித்த முகப் படத்தை ஒட்டிவைத்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். போட்டியாளரைப் பொய்ப் பெயரில் தாக்குபவருக்கு 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் காத்திருக்கிறது. அதன் உச்ச அபராதம் 2025 பிப்ரவரியில் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பது தனியே சொல்ல வேண்டிய ஒன்று. வேலையில்லாத இளைஞரிடம் ‘உன் கணக்கையும் அட்டையையும் ஒரு மாதம் கொடு, ஐந்நூறு தருகிறேன்’ என்று வருகிறார்கள். ஏமாற்றிய பணம் அக்கணக்கின் வழியே ஓடிவிடுகிறது; போலீசார் வந்து நிற்பது இளைஞரின் வாசலில். இதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் 2024இல் 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கடையின் கணக்கில் ‘தவறுதலாக’ ஒரு தொகை வந்து, அதை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒருவர் கெஞ்சினால் நாமாக மாற்றக்கூடாது. வங்கிக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நேரம் வணிகர் குற்றவாளியாகும் வழிகளைப் பார்த்தோம். அவரே ஏமாறுவதும் உண்டு. பலகாரம் வாங்கியவர் வங்கி ரசீதின் படத்தை அனுப்பி ‘பணம் போட்டுவிட்டேன்’ என்கிறார். படம் பார்க்க அச்சு அசலாக இருக்கும்; தொகையும் நேரமும் இருக்கும்; பணம் மட்டும் இராது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில், வாசலில் பொட்டலம் வாங்க ஆள் நிற்கும்போது இது அதிகம் நடக்கிறது. படத்தைப் பார்க்காமல் தம் கணக்கைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி. மற்றொன்று போலிப் பக்கம். நாற்பது ஆண்டுப் பெயருள்ள கடையின் சின்னத்தையும் படங்களையும் திருடிப் புதுப் பக்கம் திறந்து, பாதி விலை என்று அறிவித்துப் பணம் வாங்கிவிடுவார்கள். ஏமாந்தவர் உண்மையான கடையின் வாசலில் வந்து சத்தம் போடுவார். கடைக்காரர் உடனே போலீசில் புகார் கொடுத்து, தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் அந்தச் செயலியின் நிறுவனத்துக்கும் தெரிவித்து, தம் உண்மைப் பக்கத்திலும் அறிவித்துவிட வேண்டும். பேசாமல் இருந்தால் பக்கம் அவருடையதே என்ற சந்தேகம் வலுக்கும். பெயரையும் சின்னத்தையும் 2019ஆம் ஆண்டின் வாணிபச் சின்னச் சட்டப்படி பதிந்து வைத்திருந்தால் வாதாட எளிது.

பணம் போய்விட்டதென்று தெரிந்த அந்த நிமிடமே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. போலீசும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் சேர்ந்து, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்க முயல்வதற்காக ஏற்பட்டது. முதலில் வெட்கப்பட்டு, வீட்டாரிடம் மறைத்து, மறுநாள் அழைப்பவர்களுக்கு மையத்தால் அதிகம் செய்ய இயலாது. முன்பின் அறியாதவரின் கணக்குக்குப் பணம் போடுமுன், அந்தக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் இட்டுப் பார்க்கலாம். முன்னர் புகார் வந்திருந்தால் தெரியும். புகார் இல்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது.

வாடிக்கையாளர் பக்கமிருந்து வரும் வழக்குகள் பெரும்பாலும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்கே செல்கின்றன. ஈப்போவிலும் அது கூடுகிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுவுக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டியதில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. ஐந்து ரிங்கிட் மனுதானே என்று அலட்சியமாக இருந்து, விசாரணைக்குச் செல்லாத கடைக்காரருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். 14 நாளுக்குள் அதை நிறைவேற்றாவிட்டால் அதுவே ஒரு குற்றம். விற்பதற்காகச் சரக்கு வாங்கி ஏமாந்த வணிகர் இத்தீர்ப்பாயத்துக்குச் செல்ல இயலாது. சொந்தப் பயனுக்கு வாங்கியவர்க்கே அது உரியது. அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

தீர்ப்பாயத்திலாயினும் நீதிமன்றத்திலாயினும் முதலில் கேட்பது ‘என்ன எழுதியிருந்தீர்கள், எப்போது எழுதினீர்கள்’ என்பதையே. ஆகவே விளம்பரப் பதிவு, வாடிக்கையாளரோடு பேசிய செய்திகள், ரசீது, அஞ்சல் எண் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுத்து, ஆண்டுவாரியாக வைத்திருங்கள். பழைய 555 புத்தகத்தைப் போலவே இதிலும் ஒரு பிரதி வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அதோடு ஒத்துப்போக வேண்டும்.